நிலுவையும் கூரையும்

தளம் பெயர்ந்து விழும் அரசுக் குடியிருப்பில் ஒரு குடும்பம் இருக்கிறது. மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையில் சில ஆண்டு பாக்கி. அந்தக் குடும்பம் பாதுகாப்பான வேறு வீடு கேட்கிறது. ‘முதலில் பாக்கியைக் கட்டு, பிறகு பார்க்கலாம்’ என்று சொல்ல அரசுக்கு நியாயம் உண்டா?

இந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் ஒரு பதிலும் தெருவில் ஒரு பதிலும் தயாராக இருக்கின்றன. கட்டாதவருக்குப் புது வீடு கொடுத்தால் இத்தனை நாள் ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியாகிவிடுவார் என்கிறது அலுவலகம். ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை ஒரு கேடா என்று கேட்கிறது தெரு. இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் முழு உண்மை இல்லை. எனவே குடியிருப்போரின் உயிர்ப் பாதுகாப்பு, ஒழுங்காகக் கட்டியவருக்கான நியாயம், வீடு கட்டித்தரும் அமைப்பு நொடித்துப்போகாமல் இருப்பது ஆகிய மூன்றையும் வைத்து இதை எடைபோட வேண்டும். எடைபோடுவதற்குத் தஞ்சை வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். கடனையும் குடிசையையும் ஒரே முடிச்சாகப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டில் இந்தக் காவிரிப் படுகை அளவுக்கு அனுபவித்த பகுதிகள் குறைவு.

பணம் எங்கே குறுக்கே நிற்கிறது

1970-ல் தொடங்கப்பட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற குடிசை மாற்று வாரியம், சென்னையில் பிறந்து பின்னர் மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. 2021-ல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. தவணை முறையில் ஒதுக்கப்பட்ட வாரிய வீடுகளுக்கு முழுத் தொகையும் கட்டி முடித்த பிறகுதான் விற்பனைப் பத்திரம் கிடைக்கும். இருபது, முப்பது ஆண்டு குடியிருந்தும் கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே வைத்திருப்பவர்கள் ஏராளம். தந்தை பெயரில் ஒதுக்கிய வீட்டில் மகள் இருப்பார், பாக்கி இன்னும் தந்தை பெயரிலேயே நிற்கும்.

புதிய அடுக்குமாடிகளில் வேறொரு தடை இருக்கிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது. மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. மிச்சத்தைப் பயனாளி கட்ட வேண்டும். அதற்குப் பயனாளி பங்களிப்புத் தொகை என்று பெயர். சாவி கைக்கு வருவதற்கு முன்பே கேட்கப்படுவதால், நடைமுறையில் இது முன்கூட்டியே விதிக்கப்பட்ட பாக்கிதான். சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், பழைய குடியிருப்பை இடித்தபின் தற்காலிகக் கொட்டகைகளில் காத்திருந்த குடும்பங்களிடம் 1.5 லட்சம் கேட்கப்பட்டது; அவர்கள் போராடினார்கள். 2021 ஆகஸ்டில் அதே புதுக் கட்டடத்தின் பூச்சு, கை வைத்தாலே உதிர்வதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்து குறை கண்டார்கள். பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

கிராமத்தில் கதை மாறுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் காலனித் தெருவுக்குள் போனால் 1980-களிலும் 90-களிலும் கட்டிய தொகுப்பு வீடுகளைப் பார்க்கலாம். இவற்றுக்கு வாடகை கிடையாது. ஆனால் பல வீடுகளில் தளத்தின் அடிப்பூச்சு கொட்டி, துருப்பிடித்த கம்பி வரிசை வரிசையாகத் தெரியும். போதுமான கனத்தில் கான்கிரீட் மூடாத கம்பியை ஈரம் எட்டுகிறது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஐப்பசி மழையில் தளம் நீரை உறிஞ்சும், மழை விட்டபின் கட்டி கட்டியாக விழும். அதனால் வீட்டுக்காரர்கள் முன்பக்கம் கீற்றுக் கொட்டகை இறக்கி அதில் படுத்துக்கொள்கிறார்கள். அரசு கட்டிய கான்கிரீட் வீட்டுக்குள் நெல் மூட்டையும் பாத்திரமும் இருக்கும், ஆட்கள் குடிசையில் இருப்பார்கள். குடிசையை ஒழிக்க வந்த திட்டம் முப்பது ஆண்டில் அவர்களைத் திரும்பக் குடிசைக்கே அனுப்பியிருக்கிறது.

இதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டு, பழுதுபார்க்கவே முடியாத நிலைக்குப் போன ஊரக வீடுகளில் 25,000 வீடுகளை 600 கோடி ரூபாயில் மறுபடி கட்டித்தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்தது. வீட்டுக்கு 2.4 லட்சம் வருகிறது. அதற்குள் முடிப்பது கடினம் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். ஆனாலும் கொள்கை அளவில் இது முக்கியமான அடி. கட்டித் தந்த வீடு பாழானால் அதைத் திரும்பக் கட்டுவது கட்டியவர் பொறுப்பு என்று இந்த அறிவிப்பு ஏற்கிறது. கிராமத்தில் ஏற்ற பொறுப்பை நகரத்தில் பங்களிப்புத் தொகை என்ற பெயரில் பாதியாகக் குறைப்பது எந்தத் தர்க்கத்துக்கும் பொருந்தவில்லை.

அலுவலகத்தின் வாதம்: எவ்வளவு கனம்?

பாக்கி விஷயத்தில் வாரியம் சொல்வதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். ஒரு தளத்தில் எட்டு வீடு இருந்து மூன்று பேர்தான் கட்டுகிறார்கள் என்றால் மோட்டார் நின்றுபோகும். தண்ணீர் வராத கோபத்தில் அந்த மூவரும் கட்டுவதை நிறுத்துவார்கள். இப்படித்தான் நல்ல கட்டடம்கூடச் சேரியாகிறது. அதோடு, வாரிய வீட்டை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் சொந்த வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் வாடகையை வாங்குவார்கள், வாரியத்துக்குக் கட்ட மாட்டார்கள். அவர்களையும் கஷ்டப்படும் குடும்பத்தையும் ஒரே வரிசையில் வைத்து எல்லோருக்கும் தள்ளுபடி கேட்பது, உண்மையில் கஷ்டப்படுபவருக்கே செய்யும் துரோகம்.

பொதுத் தள்ளுபடிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அடுத்த தேர்தலில் அடுத்த தள்ளுபடி வரும் என்ற எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டால், கட்ட முடிந்தவரும் காத்திருப்பார். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதத் தொகையைச் செலுத்திய பெண்ணிடம், ‘நீங்கள் கட்டியிருக்கவே வேண்டாம்’ என்று அரசு சொல்வதாக ஆகும். அந்தப் பெண்ணின் மனக்குறையை ஏளனம் செய்யும் எந்த ஏழைகள் இயக்கமும் நெடுநாள் நிற்காது.

ஆகவே பாக்கி உண்மையான பாக்கி, அதை வசூலிக்க வாரியத்துக்கு உரிமை உண்டு. அலுவலக வாதத்தின் கனம் இவ்வளவு. ஆனால் அது அடுத்து ஒரு தாவு தாவுகிறது: வசூலிக்க உரிமை இருப்பதால், வசூலாகும்வரை ஆபத்தான வீட்டிலேயே வைத்திருக்கவும் உரிமை உண்டு என்கிறது. முதல் உரிமையிலிருந்து இரண்டாவது பிறக்காது. பாக்கிக்காகக் குடும்பத்தை இடியும் தளத்தின் கீழ் நிறுத்திவைப்பது, கடனுக்கு உயிரை ஈடாக எழுதி வாங்குவதற்குச் சமம்.

வயலும் வசூலும்

பாக்கி ஏன் சேர்கிறது என்று பார்ப்போம். மாதம் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து ஆண்டில் 30,000 ஆகிறது. ஒரு மாதத் தொகை யாருக்கும் பெரிதில்லை. மொத்தமாகக் கேட்கும்போதுதான் அது மலையாக நிற்கிறது. தஞ்சை வட்டாரத்தில் நகரத்துக் குடிசைவாசிகளிலும் பலர் சுற்றுவட்டாரத்து வயல்வேலையையும், அறுவடையை ஒட்டிய சுமைதூக்கும் வேலையையும், அரிசி ஆலையையும் நம்பியிருக்கிறார்கள். அந்த வருமானம் சம்பளத் தேதி பார்த்து வருவதில்லை. நாற்று நடவில் கொஞ்சம், களையெடுப்பில் கொஞ்சம், குறுவை அறுப்பில் கொஞ்சம், தை மாதத்துச் சம்பா அறுவடையில் கொஞ்சம் என்று வரும். உளுந்து, பயறு எடுத்தபின் கோடையில் கை வறண்டுபோகும். நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்தபின் வேலைநாள் இன்னும் சுருங்கிவிட்டது.

அதற்கும் மேல் மேட்டூர் அணை இருக்கிறது. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட வழக்கமான தேதியான ஜூன் 12-ல் குறுவைக்குத் தண்ணீர் திறக்கவில்லை. எட்டு ஆண்டு கழித்து 2020-ல்தான் அந்தத் தேதி திரும்பியது. 2024-ல் ஜூலை கடைசியில்தான் மதகு திறந்தது. இடையில் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், வீட்டையும் தென்னையையும் சேர்த்து வீழ்த்தியது. இத்தனைக்கும் நடுவே வாரியத்தின் கணக்குப் புத்தகம் மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகையை எழுதிக்கொண்டு போகிறது. வருமானம் பருவத்தோடு வரும் ஊரில் தவணை மாதத்தோடு ஓடினால், பாக்கி விழுவதற்கு ஒழுக்கக்கேடு தேவையே இல்லை.

பாக்கியை ஒரே மூச்சில் அடைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். குழுக் கடன், வாரத் தவணைக் கடன், நகைக் கடன் என்று டெல்டாப் பெண்கள் ஏற்கனவே எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாவிக்காக இன்னொரு கையெழுத்து விழும். வாரியத்தின் கணக்கில் நிலுவை தீர்ந்துவிடும், குடும்பத்தின் கணக்கில் அது கூடுதல் வட்டியோடு வேறொருவர் பெயரில் ஏறிக்கொள்ளும். அரசு இதை வசூல் வெற்றி என்று எழுதிக்கொண்டால், அது தன் பாக்கியைக் கந்துவட்டிக்காரரிடம் தள்ளிவிட்டதுதான்.

பழுதுக்கு யார் கட்டுவது?

பாக்கிக்கு இன்னொரு காரணம் வீட்டின் தரம். “சார், மேல்வீட்டுக் கக்கூஸ் தண்ணி எங்க அடுப்பு மேல சொட்டுது” என்று மனு கொடுத்தால், “பாக்கி எவ்வளவும்மா இருக்கு?” என்ற கேள்வி பதிலாக வருகிறது. இந்த ஒற்றைக் கேள்வியில் இரண்டு கணக்குகள் ஒன்றாகிவிடுகின்றன. குடியிருப்பவர் வாரியத்துக்குத் தர வேண்டியது ஒன்று, வாரியம் குடியிருப்பவருக்குத் தர வேண்டியது இன்னொன்று. முதலாவதற்கு ரசீதும் பதிவேடும் உண்டு. இரண்டாவதற்குக் கணக்கே கிடையாது.

தனியார் வாடகையில் தமிழ்நாட்டுச் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2019 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, தன் பொறுப்பான பழுதை வீட்டுக்காரர் பார்க்க மறுத்தால் குடியிருப்பவரே அதைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான வீடுகள் அந்தச் சட்டத்துக்குள் வராது. மாடி போர்ஷனை வாடகைக்கு விட்ட ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு விதித்த கடமையை அரசு தனக்கு விதித்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதன் பொருள். இங்கிலாந்தில் நகராட்சி வீட்டில் குடியிருப்பவர்மேல் வாடகை பாக்கிக்கு வழக்கு வந்தால், நகராட்சி பழுதுபார்க்காததை அவர் எதிர்க் கோரிக்கையாக வைத்து, கிடைக்கும் இழப்பீட்டைப் பாக்கியில் கழிக்கலாம்.

அதே இங்கிலாந்திலும் பாக்கி வைத்தவரை மாற்று வீட்டு வரிசையில் பின்னுக்குத் தள்ளும் நகராட்சிகள் பல உண்டு. உடல்நலத்துக்குக் கேடான வீட்டில் இருப்பவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அந்த முன்னுரிமைக்குள் பழைய நடத்தையைக் கணக்கில் எடுக்கவும் இடம் கொடுக்கிறது. ராச்டேல் நகரில் சமூக வீடு ஒன்றின் பூஞ்சணத்தால் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பில் பிறந்த விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு நிர்வாகம் செயல்பட வேண்டும். பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர முடியாவிட்டால் மாற்றுத் தங்குமிடம் தர வேண்டும். ஒரு குழந்தையின் உயிரைக் கொடுத்துத்தான் அந்த நாடு கால வரம்பைக் கற்றுக்கொண்டது.

நமக்கு அந்த எச்சரிக்கை உயிர்ப்பலி இல்லாமலே கிடைத்தது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு தரைமட்டமானது. விரிசல் சத்தம் கேட்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் எல்லோரும் பிழைத்தார்கள். அரசு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அறிவித்தது. இடிபாட்டின் மேல் நின்றுகொண்டு நிலுவைப் பதிவேட்டைப் பிரிக்கும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது. இடிந்த பிறகு கேட்கக் கூசும் கேள்வியை இடிவதற்கு முன் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

டெல்டா ஏற்கனவே சொன்ன தீர்ப்பு

இந்தக் கேள்வி காவிரிப் படுகைக்குப் புதியதில்லை. பண்ணையாள் முறையில் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. பண்ணையில் வாங்கிய நெல்லும் கல்யாணக் கடனும் தலைமுறையாகத் தொடர்ந்தன. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார்கள். கடனும் கூரையும் ஒரே கையில் இருந்ததுதான் அந்த அடிமைத்தனத்தின் அச்சாணி. 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அதை முதலில் அசைத்தது. 1961-ல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலிக்காக நிமிர்ந்தவர்களுக்குக் குடிசைகூடத் தஞ்சம் இல்லை என்று அன்றைக்கு ஊர் உலகம் அறிந்தது.

1971-ல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், அந்த ஆண்டு ஜூன் 19 அன்று குடியிருப்பு மனையில் இருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. பண்ணைக்கு எவ்வளவு பாக்கி என்பது அங்கே தகுதிக்கான கேள்வியாக வரவில்லை. குடியிருந்தாயா என்பதே கேள்வி. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் கடனை ஒழித்ததோடு நிற்கவில்லை. விடுவிக்கப்பட்டவரை அவர் இருந்த குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தனிப் பிரிவே வைத்தது. மிராசுதார் கையில் இருந்தபோது அநீதி என்று சட்டம் அறுத்த முடிச்சை, அரசு தன் அலுவலகத்தில் மறுபடி போட்டுக்கொள்ளக் கூடாது. வாரியமும் மிராசுதாரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாரியத்துக்கு ஆள்பிடிக்கும் நோக்கம் கிடையாது. ஆனால் வேறு போக்கிடம் இல்லாதவரிடம் கடனையும் கூரையையும் சேர்த்துக் கட்டினால், நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்.

இந்தத் தீர்ப்பை எல்லாப் பாக்கிக்கும் அப்படியே பொருத்த முடியாது. டெல்டாவில் கோயில் அடிமனையிலும் மடத்து அடிமனையிலும் வீடு கட்டி இருப்பவர்கள் மிகுதி. 88 கோயில்களைக் கொண்ட தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானம், திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் என்று நிலம் பரந்து கிடக்கிறது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி சந்தை மதிப்பை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கப்படுவதால், கூலிக்காரக் குடும்பத்தின் நிலுவை எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பட்டா இல்லாததால் 3.5 லட்சம் ரூபாயில் வீடு கட்டித்தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ அவர்களுக்கு எட்டாது. ஆனால் இங்கே பாக்கி இறைவன் பேரில் உள்ள சொத்தின் வருவாய். விளக்கெரிப்பதும் பணியாளர் சம்பளமும் அதிலிருந்துதான். அதைத் தள்ளுபடி செய்ய அரசுக்கு உரிமை இல்லை, செய்யவும் கூடாது. ஏழைக்கு வீடு தரும் கடமை அரசுடையது. அதைக் கோயில் உண்டியலில் ஏற்றக் கூடாது. அரசு தன் நத்தம் நிலத்திலோ விலைக்கு வாங்கிய நிலத்திலோ மனை கொடுத்து அவர்களைக் குடியமர்த்த வேண்டும். கோயில் தன் நிலுவையைத் தனியே, தவணையில் பெறட்டும். இங்கேயும் முடிச்சை அவிழ்ப்பதுதான் வழி, அவிழ்க்கும் முறைதான் வேறு.

தீர்ப்பு

பாதுகாப்பற்றது என்று உறுதியான அரசு வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தை மாற்றிக் குடியமர்த்தப் பாக்கி தடையாக இருக்கக் கூடாது. பழுதான வீட்டுக்குப் பதிலாகத் தரும் வீட்டுக்குப் பங்களிப்புத் தொகையை முன்நிபந்தனையாக வைப்பதும் தவறு. அதே நேரம் பாக்கி அழியவும் கூடாது. அது குடும்பத்தோடு புது வீட்டுக்குக் கடனாக வர வேண்டும், வாசலில் காவலாக நிற்கக் கூடாது.

இது நடக்க நான்கு காரியங்கள் வேண்டும். வீடு ஆபத்தானதா என்பதை வாரியத்தின் சொந்தப் பொறியாளர் முடிவு செய்யக் கூடாது. செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற வெளி நிறுவனம் ஆய்ந்து, அறிக்கையைத் தமிழில் குடியிருப்பிலேயே ஒட்ட வேண்டும். எழுத்தில் பழுது மனு கொடுத்த நாளிலிருந்து பழுது தீரும்வரை மாதத் தொகையில் கணிசமான பகுதி கழிய வேண்டும். மனுவுக்கு ரசீது தருவது கட்டாயம். மிச்சப் பாக்கியை வட்டியில்லாமல், குறுவைக்குப் பின் ஒன்று, தைக்குப் பின் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு தவணையில் வாங்க வேண்டும். வறட்சியோ புயலோ அறிவிக்கப்பட்ட ஆண்டில் தவணை தானாகத் தள்ளிப்போக வேண்டும். வீட்டை உள்வாடகைக்கு விட்டவருக்கு மாற்று வீடு கிடையாது. அந்த ஒதுக்கீடு, அங்கே உண்மையில் குடியிருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்குப் போக வேண்டும்.

முதலில் சொன்ன மூன்று அளவுகோலிலும் இந்தத் தீர்ப்பு தேறுகிறது. உயிர் காக்கப்படுகிறது. ஒழுங்காகக் கட்டியவருக்கும் அநீதி இல்லை, ஏனென்றால் கட்டாதவரின் கடன் ஒரு ரூபாய்கூடக் காரணமில்லாமல் மறையாது. பழுதுக் கழிவு கட்டியவருக்கும் திரும்பக் கிடைக்கும். வாரியமும் நொடிக்காது. இன்றைக்கு அது வசூலிக்க முடியாத பாக்கியைப் பதிவேட்டில் சுமந்துகொண்டிருக்கிறது. வசூலாகக்கூடிய சிறு தவணை அதைவிட மேல். இதற்கு வாரியம் கொடுக்கும் ஒரே விலை, மறுத்துக் காக்கவைக்கும் அதிகாரம் கைவிட்டுப் போவது. மக்கள் பணத்தில் கட்டிய வீட்டுக்கு அந்த அதிகாரம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.